‘பூட் ஆகவில்லை’ என்பதற்கு ஒரே சொல் போதுமா? துவக்கு, தொடக்கு, எழுப்பு

குழுமத்தாருக்கு வணக்கம்.

மேசைக் கணினி பழுதுபார்ப்புக் கையேட்டில், கணினி ‘பூட்’ ஆகாத (இயங்கத் தொடங்காத) பழுதைப் பேசும் முதல் இயலுக்கு என்ன தலைப்பு வைப்பது என்ற கேள்வியில் தொடங்கிய இழை இது. வந்த முன்மொழிவுகள் எல்லாவற்றையும் படித்தேன். சொல்லைத் தேர்வதற்கு முன் எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதில் உடன்பாடு வேண்டும் என்று நினைப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘தொடக்கத் தோல்வி’ என்று வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் எது புரியும்? வீட்டில் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆகல’ என்று சொல்கிறோமே, அதில் மூன்று வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. சர்வீஸ் கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் இவற்றைக் கலப்பதே இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்விசிறிகூடச் சுற்றாவிட்டால் ‘டெட்’ என்பார். விசிறி சுற்றி, விளக்கு எரிந்து, திரை மட்டும் கறுப்பாகவே நின்றால் ‘நோ டிஸ்ப்ளே’. தயாரிப்பாளரின் சின்னம் வந்து அதற்கு மேல் நகராவிட்டால் ‘ஓஎஸ் (இயங்குதளம்) போயிடுச்சு’. மூன்றுக்கும் கை போக வேண்டிய இடம் வேறு வேறு. ‘தொடக்கத் தோல்வி’ என்ற ஒரே போர்வையால் மூடினால், படிப்பவர் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியாமல் நிற்பார்.

முதல் நிலைக்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘மின் வரவில்லை’ போதும். ‘மின்னேற்றம் இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல் கைபேசி மின்கலத்துக்குச் சார்ஜ் போடுவதற்கு ஊன்றிவிட்டதால் இங்கே குழப்பும். இந்த நிலையில் பார்க்க வேண்டியவை குறைவு: சுவர் சுவிட்ச், பெட்டியின் பின்புறம் எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருக்கும் சிறு சுவிட்ச், தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) செருகும் 24 முனை இணைப்பு, முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகள். அந்த 24 முனையில் ஊதாக் கம்பி, கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் தந்துகொண்டே இருக்க வேண்டும். பிளக் செருகி மல்டிமீட்டர் வைத்தும் அங்கே ஒன்றும் காட்டவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்; எடுத்தவுடன் தாய்ப்பலகையைக் குறை சொல்ல வேண்டாம். (புதிய எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் எல்லாக் கம்பியும் கறுப்பாகவே வருகின்றன, அங்கே நிறத்தை நம்பாமல் முனையை எண்ணித்தான் வைக்க வேண்டும்.) எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் அடிக்கும்.

இரண்டாம் நிலை ‘தற்சோதனை’, அதாவது கணினி தன் உறுப்புகளைத் தானே சரிபார்ப்பது. இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வோம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதும் சாம்பல் நிறக் கம்பியில் ‘மின் சரி’ என்ற சைகை வரும். 100 முதல் 500 மில்லி நொடிக்குள் அது வர வேண்டும். அதுவரை தாய்ப்பலகை செயலியை (ப்ராசசரை) ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். விட்டதும் செயலி நேரே பயாஸுக்கு, அதாவது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிரலுக்கு, போகிறது. பயாஸ் நினைவகத்தையும் திரை அட்டையையும் சரிபார்க்கிறது. அதில் எங்கேனும் நின்றால்தான் ‘நோ டிஸ்ப்ளே’. தூசி தட்டிய மறுநாள் இப்படி ஆனால், செயலிக்கென்று தனியாக வரும் 4 முனை அல்லது 8 முனை 12 வோல்ட் இணைப்பைத் திரும்பச் செருக மறந்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். விசிறி எல்லாம் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அடுத்து ரேம் (நினைவக அட்டை). கழற்றி, தங்கநிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, துகளை ஊதி, இருபுறமும் ‘க்ளிக்’ என்று பூட்டும் வரை அழுத்திச் செருக வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பது.

> பீப் ஒலிகளின் அட்டவணை ஒன்றையும் பின்னிணைப்பாகத் தரலாமே?

வேண்டாம் அம்மா. ஒரே எண்ணிக்கையிலான பீப் ஒலி ஒரு நிறுவனத்தின் பயாஸில் ஒரு பொருளும், இன்னொன்றில் வேறு பொருளும் தரும். இப்போதைய பலகைகள் பலவற்றில் அந்தச் சிறு ஒலிப்பானே வருவதில்லை; பதிலுக்குப் பலகையின் ஓரத்தில் செயலி, நினைவகம், திரை அட்டை, வட்டு என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். அட்டவணையைவிட அந்த விளக்குகளின் படம் பயன்படும்.

தற்சோதனை முடிந்து இயங்குதளம் ஓடத் தொடங்கும் மூன்றாம் நிலைக்குத்தான் நமக்குச் சொல் இல்லை. ‘பூட்’ என்ற சொல் சரியாகப் பொருந்துவதும் இங்கேதான். பழைய முறை வட்டில் (ஹார்டு டிஸ்கில்) முதல் பகுதி 512 பைட். அதில் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். பயாஸ் அதை மட்டும் படித்து ஓடவிடும். பூட்லோடர் எனப்படும் அந்தச் சிறு நிரல் தன்னைவிடப் பெரிய நிரலை அழைக்கும். அது இயங்குதளத்தின் கருவை (கெர்னலை) அழைக்கும். பழைய பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ என்ற புது முறை வந்தபின் அந்த 446 பைட் நெருக்கடி போய், தனி வட்டுப் பிரிவில் ஒரு கோப்பாகவே அது இருக்கிறது. ஆனாலும் சிறியது பெரியதை எழுப்புகிற வேலை மாறவில்லை.

இனி சொற்கள்.

‘துவக்கு’ என்பதைப் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் உறுத்தாது. இலங்கையில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘துவக்கு வட்டைச் செருகவும்’ என்று திரையில் வந்தால் அங்கே படிப்பவருக்கு எப்படி இருக்கும்? சூழல் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்தான். ஆனால் இரு கரைக்கும் சேர்த்து ஆக்கும் சொல்லில் அந்தச் சுமையைத் தெரிந்தே ஏற்றக் கூடாது.

‘தொடக்கு’ பொதுவான சொல். ஆப்பைத் தொடங்குகிறோம், பதிவிறக்கத்தைத் தொடங்குகிறோம், விண்டோஸின் ஸ்டார்ட் பட்டியலையும் தொடக்கம் என்கிறோம். ‘தள ஏற்றம்’ அழகாக இருக்கிறது. ஆனால் கடைகளில் ‘விண்டோஸ் ஏத்திக் குடுங்க’ என்றால் புதிதாக நிறுவித் தரச் சொல்வது. இந்தக் குழப்பத்தின் விலை பெரியது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் கணினியில், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 மின்கலம் தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் தரும் அந்த வட்டக் கலம் தீர்ந்தால் தேதி பழையதாகும். பயாஸ் அமைப்புகளும் ஆலை நிலைக்குத் திரும்பிவிடலாம். வட்டைப் படிக்கும் முறை மாறியதால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றது. கடைக்காரர் ‘ஓஎஸ் ஏறல, புதுசா ஏத்திடுறேன்’ என்றார், ஆசிரியையும் தலையாட்டினார். வட்டைத் துடைத்து நிறுவியதில் அவர் பல ஆண்டு தொகுத்த வினாத்தாள்கள் போயின. ஒரு மின்கலத்தை மாற்றி, பயாஸில் ஒரே ஒரு வரியைப் பழையபடி திருத்தியிருந்தால் எல்லாம் இருந்திருக்கும். ஏறுவதும் ஏற்றுவதும் அவருக்கு வேறு வேறு சொல்லாகக் கேட்டிருந்தால் ‘பொறுங்கள், அழிக்காதீர்கள்’ என்று கேட்க வாய்ப்பு இருந்திருக்கும். இந்த வேறுபாட்டில் நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

‘தன்னெழுச்சி’ என்ற முன்மொழிவு, ‘பூட்’ என்பதன் வேரான ‘பூட்ஸ்ட்ராப்’ (தன்னைத் தானே தூக்கிக்கொள்வது) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருக்கம். ஆனால் அது மக்கள் தாமாகத் திரள்வதற்கு உரிய சொல்லாகிவிட்டது. அதன் வேரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு: எழு, எழுப்பு.

கணினி எழவில்லை. பூட்லோடர் ‘எழுப்பி’. எந்த வட்டை முதலில் தேடுவது என்பது ‘எழுப்பு வரிசை’. மீட்புக்குச் செருகும் யூஎஸ்பி ‘எழுப்புக் கோல்’. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் ‘இருதள எழுப்பு’. லினக்ஸ் பிரிவை விண்டோஸிலிருந்தபடி அழித்துவிட்டு, மறுநாள் க்ரப் (லினக்ஸோடு வரும் பூட்லோடர்) மீட்புத் திரையில் திகைத்து நிற்பவருக்கு, ‘எழுப்பி தன் கோப்புகளைக் காணாமல் நிற்கிறது, உங்கள் விண்டோஸ் கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கின்றன’ என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறது. தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைப்பதுதான் இந்தச் சொல்லின் பெரிய வசதி.

> உறக்கநிலையிலிருந்து எழுவதோடு மோதாதா? தவிர, ‘எழுப்புதல் கூட்டம்’ என்று கிறித்தவ வழக்கிலும் இருக்கிறதே?

உறக்கநிலைக்கு ‘விழி’ என்பதை ஒதுக்கிவிடலாம். உறங்கிய கணினி விழிக்கிறது; அணைந்த கணினி எழுகிறது. கூட்டத்தின் பெயரோடு மோதல் வராது. குறும்புக் குழந்தையையும் கையில் உருட்டும் மவுஸையும் ‘சுட்டி’ என்கிறோம், யாரும் தடுமாறுவதில்லை. ‘மறுதொடக்கம்’ நன்றாக ஊன்றிவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

ஆக, கையேட்டில் முதல் இயலை மூன்றாகப் பிரித்து, ‘மின் வரவில்லை’, ‘தற்சோதனையில் நிற்கிறது’, ‘எழவில்லை’ என்று தலைப்பிடக் கோருகிறேன். மூன்றாவது பகுதியின் முதல் வரியாக, வட்டை அழிக்கச் சம்மதிக்கும் முன் மின்கலம், பயாஸ் தேதி, எழுப்பு வரிசை மூன்றையும் பார்க்கச் சொல்லும் குறிப்பு வர வேண்டும்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கத்துப் பேச்சில் ‘எழும்பு’தானே மிகுதி? ‘கணினி எழும்பவில்லை’ என்பது உங்களுக்கு இயல்பாக இருக்குமா, எழுத்தில் ‘எழவில்லை’ போதுமா? ‘எழுப்பி’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் என்று நினைக்கிறேன். உங்கள் மறுமொழி வந்தபின் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.

அன்புடன்.