கண்ணிலும் கல்லீரலிலும் ஒரே டிஎன்ஏ என்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

அல்சூர் அம்மா:
வணக்கம். பெங்களூரில் இருக்கிறோம், மகள் செகண்ட் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு). உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் என்று பாடத்தில் இருக்கிறதாம். அப்படியென்றால் கண் ஏன் கண்ணாக இருக்கிறது, ஒருவேளை கண் செல் தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுமா என்று கேட்கிறாள். நான் காமர்ஸ் படித்தவள். ஏதோ சொல்லி அனுப்பிவிட மனசில்லை, தமிழில் யாராவது விளக்குங்கள்.

யஷ்வந்த்பூர் வாசகன்:
அக்கா, அருமையான கேள்வி. விஞ்ஞானிகளுக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஜான் கர்டன் என்பவர் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து, டிஎன்ஏ இருக்கும் உட்கருவை எடுத்து, சொந்த உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்துப் பார்த்தார். பெரும்பாலானவை பிழைக்கவில்லை, ஆனால் சில முழுத் தலைப்பிரட்டையாகவே வளர்ந்தன. இதை 1962ல் வெளியிட்டார், 2012ல் நோபல் வந்தது. குடல் செல் எதையும் தூக்கி எறியவில்லை, கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டியதெல்லாம் அதற்குள் படிக்கப்படாமல் கிடந்தது!

எப்படிப் படிக்காமல் விடுகிறது என்றால், ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், நூல்கண்டில் நூல் மாதிரி, ஒவ்வொன்றிலும் சுமார் 147 எழுத்து ஜோடிகளாகச் சுற்றியிருக்கிறது (எழுத்து என்றால் ஏ, டி, ஜி, சி, ஏவுக்கு எதிரில் டி, ஜிக்கு எதிரில் சி). இறுக்கமாகச் சுற்றிய இடத்தைப் படிப்பது கஷ்டம். தளர்ந்த இடத்தில் சில புரதங்கள் வந்து ஒட்டி, அங்கே இருக்கும் ஜீனை (ஒரு புரதம் செய்வதற்கான குறிப்பு உள்ள டிஎன்ஏ துண்டு) ஆர்என்ஏ என்ற தற்காலிகப் பிரதியாக நகலெடுக்க வைக்கும், அதைப் பார்த்து, செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் புரதம் செய்யும். கல்லீரலில் ஆல்புமின் (ரத்தத்தில் இருக்கும் புரதம்) ஜீன் இப்படித் திறந்திருக்கும், விழித்திரையில் ரோடாப்ஸின் (ஒளியை உணரும் புரதம்) ஜீன்.

அல்சூர் அம்மா:
ரொம்ப நன்றி தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் படித்தாள், உடனே அடுத்த கேள்வி: எல்லாமே ஒரே முட்டையிலிருந்து வந்ததுதானே, முதன்முதலில் எதைத் திறப்பது என்று யார் முடிவு செய்வது?

யஷ்வந்த்பூர் வாசகன்:
யாரும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. செல் எந்த இடத்தில் இருக்கிறது, பக்கத்து செல் என்ன ரசாயன சமிக்ஞை அனுப்புகிறது என்பதைப் பொறுத்து ஒரு ஜீன் திறக்கும், அது செய்யும் புரதம் இன்னும் பல ஜீன்களைத் திறக்கும், சிலவற்றை மூடும். மூடிய இடங்களில் மீதைல் என்ற சின்ன அடையாளம் ஒட்டியிருக்கும். செல் பிரியும்போது அந்த அடையாளமும் நகலாகும், அதனால்தான் கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே வருகிறது.

மைசூர் ரோடு ஆசிரியை:
நல்ல விளக்கம், ஆனால் ஒன்றை விடக்கூடாது. அந்தப் பெண் சொன்னது முழுக்கத் தவறில்லை. நம் ரத்தச் சிவப்பணுக்கள் முதிரும்போது உட்கருவையே வெளியே தள்ளிவிடுகின்றன. ரத்தத்திலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்கள் என்றால் அது வெள்ளையணுக்களிலிருந்துதான். அவள் உதாரணமாகச் சொன்ன கண்ணிலேயே, லென்ஸுக்குள் இருக்கும் நார் செல்கள், ஒளி தடையில்லாமல் போவதற்காகத் தங்கள் உட்கருவை டிஎன்ஏவோடு சேர்த்து அழித்துவிடும். அப்புறம் புதுப் புரதம் செய்ய வழியில்லை, ஏற்கெனவே செய்து வைத்த கிரிஸ்டலின் என்ற லென்ஸ் புரதத்தை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். வயதாகி அது திரண்டு மங்கும்போதுதான் கண்புரை வருகிறது.