விழா மேடையில் கடல் சத்தம்: யோசனை வேண்டும்

மாஹேபூர் மாலா:

எல்லோருக்கும் வணக்கம். மொரிஷியஸில் மாஹேபூர் பக்கம் மாலைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருஷப் பிறப்பு விழாவில் என் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "கடலைக் காப்போம்" என்று ஒரு பாட்டு, பச்சைப் பாவாடையில் ஒரு கும்மி. கைதட்டு முடியுமுன்பே சபை ஏழு கறி விருந்து வாசம் வரும் பக்கம் திரும்பிவிடும்.

இந்தத் தடவை பாட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், வெறும் சத்தங்களை வைத்தே செய்யலாமா என்று பார்க்கிறேன். 2020 ஜூலை 25-ஆம் தேதி வகாஷியோ கப்பல் பொய்ன்ட் தெஸ்னி பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் 1,000 டன். கறுத்த தண்ணீரின் படத்தை எல்லோரும் பார்த்தாயிற்று. என் காதில் நிற்பது வேறு. எண்ணெயைத் தடுக்க நாங்கள் துணிக்குழாய்க்குள் கரும்புச் சோகையைத் திணிக்கும் சரசரப்பு, மிதப்பதற்காகக் கட்டிய காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம், யாரோ ஊசி கேட்டுக் கத்துவது. சின்னப் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது.

கேள்வி இதுதான்: கடலுக்கு அடியில் உள்ள சத்தத்தைச் செலவில்லாமல் பதிவு செய்ய வழி உண்டா? எங்களிடம் ஒரு மிருதங்கம், ஒரு ரவான் (தோல் பறை), இரண்டு மரவான் (குலுக்குகிற பெட்டி) இருக்கின்றன. பதிவோடு இவற்றை எப்படிச் சேர்ப்பது?

ஒலிப்பெட்டி சிவா, ரோஸ் ஹில்:

மாலா அக்கா, பியசோ தகடு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்னத் தகடு) ஒன்று வாங்குங்கள், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். அதில் ஒயரைப் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி எபாக்ஸிப் பசை பூசிக் காயவிடுங்கள். கையடக்க ரெக்கார்டரில் செருகிப் படகுத்துறையிலிருந்து இறக்கினால் போதும், யாரும் முங்க வேண்டாம். புளூ பே கடல் பூங்காவுக்குள் என்றால் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே பதியுங்கள்.

உயிருள்ள பவளத்திட்டு சும்மா இருக்காது. கடுகு தாளிக்கிற மாதிரி ஓயாமல் படபடக்கும். அத்தனையும் சொடுக்கு இறால் வேலை. கொடுக்கை அது மூடுகிற வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, அந்தச் சத்தம்தான். பவளம் செத்த இடத்தில் இது குறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டில் செத்த பவளத் துண்டுகளுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து, நல்ல பவளத்திட்டின் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் இல்லாத இடத்தைவிட இரண்டு மடங்கு மீன் வந்தது. 2019-இல் வெளிவந்த ஆய்வு.

அதனால் இரண்டு இடத்தில் பதியுங்கள்: நல்ல இடம் ஒன்று, கெட்ட இடம் ஒன்று. ஒரே வால்யூமில் அடுத்தடுத்துப் போடுங்கள். எது எதுவென்று மேடையில் சொல்லாதீர்கள்.

கரும்புக்காட்டுக் கிழவன்:

அம்மா, குறை சொல்வதாக நினைக்காதீர்கள். படபட சத்தம் கேட்டு எவன் திருந்தினான்? விழாவுக்கு வருகிற சனம் மைக் கோளாறு என்றுதான் நினைக்கும்.

சிவா:

தாத்தா, 1970-இல் ரோஜர் பெய்ன் என்ற திமிங்கில ஆய்வாளர் திமிங்கிலப் பாட்டை இசைத்தட்டாகவே போட்டார். 1979-இல் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகளில் அதை இலவசமாக வைத்துக் கொடுத்தது. 1982-இல் வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் முடிவெடுத்தது. பாட்டு மட்டுமே செய்ததென்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை எண்ணெய்ப் பீப்பாயாக இருந்த பிராணிக்குக் குரல் உண்டு என்று சனத்துக்குத் தெரிந்தது அதனால்தான்.

இயற்கைச் சத்தங்களைப் பதிவு செய்கிற பெர்னி க்ராஸ் கதையும் கேளுங்கள். 1988-இல் கலிபோர்னியாவில் ஒரு காட்டுப் புல்வெளியில் விடியற்காலைப் பறவைச் சத்தத்தைப் பதிந்தார். பிறகு, "பொறுக்கித்தான் வெட்டுவோம், ஒன்றும் ஆகாது" என்று சொல்லி மரம் வெட்டினார்கள். மறுவருஷம் போனார். போட்டோவில் பார்த்தால் அதே காடு. பதிவில் பறவைகள் பெரும்பாலும் இல்லை.

லிச்சித் தோட்டத்துக்காரி:

வௌவாலை விட்டுவிட்டீர்களே! நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால் எதிரொலி வைத்துப் பறக்கிற ஜாதி இல்லை, அது கத்துவது காதுக்கே கேட்கும், போனிலேயே பிடிக்கலாம். லிச்சி காலத்தில் எங்கள் வீட்டில் அது ஒரு பக்கம் கத்தும், அதை விரட்ட என் மாமனார் ஒரு பக்கம் தகரம் தட்டுவார். இரண்டையும் பதிந்து அனுப்புகிறேன். அதைப் போட்டால் சபை வௌவால் பக்கம், தோட்டக்காரர் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். என்னைக் கேட்டால், எல்லோரும் தலையாட்டுகிற நிகழ்ச்சியைவிட அது மேல்.

நம் ஊரில் அழிந்துபோன டோடோ பறவைக்கும் ஒரு நிமிஷம் கொடுங்கள். எலும்பு இருக்கிறது, படம் இருக்கிறது, எப்படிக் கத்தியது என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளை ஆளுக்கொரு மாதிரி கத்தச் சொல்லுங்கள்.

மாலா:

எல்லோருக்கும் நன்றி. டோடோ யோசனையைச் சொன்னதும் வகுப்பில் இரைச்சல் தாங்கவில்லை, அது உறுதி. வௌவாலும் தகரமும் அனுப்புங்கள் அக்கா. நல்ல இடத்துப் பதிவு ஓடும்போது மரவானைக் குலுக்கச் சொல்லப்போகிறேன், படபடப்போடு நன்றாகச் சேரும். கெட்ட இடத்துப் பதிவுக்கு எந்த வாத்தியமும் கிடையாது. சோகைச் சரசரப்பு கடைசியில், மேடையிலேயே.

தாத்தா, மைக் கோளாறு என்று சொல்லப்போவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன். இப்போது ஒரே சிக்கல் ரவான். ஆட்டுத்தோல், நெருப்பில் காட்டாமல் தட்டினால் சொத சொத என்றிருக்கும். மண்டப வாசலில் தீ மூட்ட விடுவீர்களா என்று நிர்வாகக் குழுவிடம் யார் போய்க் கேட்பது?