லேத்தில் (கடைசல் மெஷினில்) நிற்பவர்களே, மண்டையை விட்டுப் போகாத ஒரு வேலையைச் சொல்லுங்கள்

கிராண்ட்பாஸ்_லேத்:
நானே தொடங்குகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன், ஓர் அச்சகத்து ஐயா கையில் போல்ட்டோடு வந்து நிற்கிறார். பழைய இங்கிலாந்து மெஷினாம், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை முழுக்க அலைந்துவிட்டாராம், எந்த நட்டைப் போட்டாலும் மூன்று நாலு சுற்றில் இறுகிவிடுகிறதாம். புரி எண்ணும் கேஜ் வைத்துப் பார்த்தால் அரை அங்குல விட்வொர்த், அதாவது பழைய இங்கிலாந்துப் புரி அளவு, அங்குலத்துக்கு 12 புரி. கடைக்காரர்கள் கொடுத்தது யூஎன்சி என்ற அமெரிக்க அளவு, அதில் 13. கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை மற்ற எல்லா சைஸிலும் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான், புரியின் கோணம்தான் 55, 60 பாகை என்று மாறும். இந்த அரை அங்குலம் மட்டும் ஆளைச் சுற்றவைக்கும். சரி, கடைந்து கொடுத்தேன். நட்டைப் போல்ட்டில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார், அது தானே சுழன்று அடிவரை போனது. பேசாமல் கழற்றி மறுபடியும் சுண்டினார். விலையைச் சொன்னதும்தான் வாய் திறந்தார்: "ஒரு நட்டுக்கா தம்பி?"

மட்டக்குளி_மில்லிங்:
2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் கிழமை. எங்கள் லேத்துக்கு வெறும் சுவிட்ச்தான், கரண்ட் போனாலும் போட்டபடியே கிடக்கும். அரை இருட்டில் பொடியன் சக்கில், அதுதான் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் தலையில், சுற்றியிருந்த இரும்புச் சீவலை இழுத்துக்கொண்டிருந்தான். பாஸ் எங்கிருந்தோ ஓடிவந்து சுவிட்சைத் தட்டி அணைத்தார், "என்ன பாஸ்?" என்று அவன் நிமிர, டியூப் லைட் இரண்டு தரம் சிமிட்டி எரிந்தது. இப்போது ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம், கரண்ட் வந்தாலும் பட்டனை அமத்தினால்தான் ஓடும்.

இரத்மலானை_பென்ஷன்:
கிராண்ட்பாஸ் தம்பி, அந்த ஐயா கேட்டதில் பிழையில்லை. வேலையைத் தொடுவதற்கு முன்பே விலை சொல்லவேண்டும், கடைக்காரரின் நட்டோடு உங்கள் நட்டை அவர் ஒப்பிடத்தானே செய்வார்? என்னிடம் மோதரைப் படகுக்காரர் ஒருவர் வேறு பட்டறையில் கடைந்த ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தார், ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறவேண்டிய பேரிங் வளையம் கையாலேயே ஏறி ஆடுகிறது, "நேற்று அளந்து காட்டினானே மாத்தயா" என்று ஒரே புலம்பல். அளந்தது சூட்டோடு, வேறென்ன. 50 மி.மீ. இரும்பு 30 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 0.018 மி.மீ. பெருக்கும், பேரிங் இறுகுவதும் ஆடுவதும் அந்த இடைவெளிக்குள்தான். ஆகவே பிள்ளைகளே, கடைசி வெட்டுக்கு முன் ஆறவிடுங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மைக்ரோமீட்டரை எடுங்கள். மைக்ரோமீட்டரையும் வெயிலில் வைக்காதீர்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், சீவலைக் கையால் தொடாதீர்கள், கொக்கி எதற்கு இருக்கிறது? அப்புறம் மோதிரம், நீளக்கை சேர்ட், கையுறை மூன்றும் கூடாது, சுழலும் சக் பிடித்து இழுத்துவிடும். வெட்டும்போது ஊற்றும் கூலன்ட் பட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சொறி வந்தபிறகு என்னிடம் மருந்து கேட்காதீர்கள்.

வத்தளை_சிஎன்சி:
அங்கிள், இங்கே யார் பாடம் கேட்டது? ஆனால் கையுறை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். முன்பு வேலை செய்த இடத்தில் பாதுகாப்பு ஆடிட் வருகிறது என்று முதலாளி எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்துப் போடச் சொன்னார், லேத்காரருக்கும் சேர்த்து. லேத்காரர் மாட்டேன் என்று சண்டை பிடித்து, கடைசியில் முறைத்துக்கொண்டே போட்டார். வந்த ஆடிட்டர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இந்த ஆளுக்கு யார் கையுறை கொடுத்தது?" லேத்காரர் வாயே திறக்கவில்லை, முதலாளி பக்கம் திரும்பி நின்றார், அவ்வளவுதான்.