1969 போன்டியாக் ஜிடிஓ: வாங்கலாமா?

கேள்வி:
மிச்சிகனில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் தம்முடைய 1969 ஜிடிஓ காரை விற்கிறார். கரும்பச்சை நிறம், 400 கன அங்குல வி8 எஞ்சின், நான்கு கியர். பனிக்காலத்தில் ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லையாம். ஆயில் மாற்றிய தேதியையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததுமே என் மனம் போய்விட்டது. மீட்டரில் 41,000 மைல். விலை 45,000 டாலர். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில் 1:
அந்த மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 1,41,000 ஓடியிருந்தாலும் 41,000 என்றே காட்டும். நோட்டோடு ஒப்பிடுங்கள். வண்டி எண் (நம்பர் பிளேட் அல்ல, தயாரிப்பாளர் வண்டிக்குக் கொடுத்த அடையாள எண்) 242 என்று தொடங்க வேண்டும். 237 என்றால் அது போன்டியாக்கின் இன்னொரு மாடலான லெமான்ஸ். ஜிடிஓ வேடம் போட்டது. எஞ்சினிலும் அந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும், இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
பின்கண்ணாடியின் அடிப்பகுதி, டிக்கியின் தரை, பின்சக்கரத்தின் மேல்வளைவு: துரு அங்கேதான் குடியிருக்கும். காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் துருவை அடைத்த பூச்சுதான் இருக்கிறது, தகடு இல்லை.

கேட்டவர்:
நேற்று போனேன். எண்கள் பொருந்துகின்றன. இடப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் உள்ளங்கை அளவு இடத்தில் காந்தம் ஒட்டவில்லை. நான் வாய் திறப்பதற்குள் பெரியவரே நோட்டைப் புரட்டி, 1983இல் அங்கே துருவை அடைத்த பக்கத்தைக் காட்டினார். முன்பணம் கொடுத்துவிட்டேன்.