நார்வே நார்த் கேப்: அம்மாவோடு போக எந்த மாதம், எந்த வழி?

தக்கலை:
திருவனந்தபுரத்தில் ஏறி நார்த் கேப் வரை போகணும். 64 வயது அம்மாவும் வருவாங்க. நடுராத்திரிச் சூரியன் எப்போ தெரியும்? கார் ஓட்டாமல் போய்ச் சேர முடியுமா?

குளச்சல்:
மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறையாது. சரியா 12 மணிக்குப் பார்த்துட்டுத் திரும்பிராதீங்க. கோடையில கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிற அங்கத்து நேரப்படி சூரியன் அடியில் இறங்குறது சுமார் 12.20-க்கு. ஜூன் 21-லயும் அப்போ அடிவானத்துக்கு மேல நாலரை டிகிரிதான் இருக்கும், வடக்கே ஒரு மேகத்திட்டு நின்னா போச்சு. அதைவிட மோசம் மூடுபனி. ஈரக்காத்து குளிர்ந்த பாரென்ட்ஸ் கடல் மேல வந்ததும் பனியாகி, நார்த் கேப்போட 307 மீட்டர் உயரப் பாறையையே மூடிரும். நம்ம முக்கடல் முனையில சித்ரா பௌர்ணமிக்கு மேகம் மறைச்சா அடுத்த வருஷம்தான். அங்க மறுராத்திரியே பார்க்கலாம். அதனால முனைக்குப் பக்கத்து ஊரான ஹோனிங்ஸ்வாக்ல மூணு ராத்திரி தங்குங்க. பகல்ல வந்து பகல்லயே திரும்புற டூர் வேண்டவே வேண்டாம்.

ஆரல்வாய்மொழி:
கார் தேவையில்லை. ஆஸ்லோ, அங்கிருந்து ட்ரோம்ஸோ, பிறகு சின்ன விமானத்தில் ஹோனிங்ஸ்வாக். காற்று பலமானால் இந்தக் கடைசி விமானம்தான் முதலில் ரத்தாகும். திரும்பும்போது ஆஸ்லோவில் ஒரு நாள் உபரியா வைங்க. டிக்கெட்டைத் துண்டு துண்டாக எடுத்தால், ஒன்று தவறினாலும் அடுத்ததுக்குக் காசு உங்க கையிலிருந்துதான். ஹோனிங்ஸ்வாக்கிலிருந்து முனை சுமார் 34 கி.மீ., கோடையில் பஸ் உண்டு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து முனையில் நிற்கும் பூகோள வடிவ இரும்பு உருண்டை வரை அம்மா மெதுவா நடந்திரலாம்.

ஆல்ட்டா விமான நிலையத்தில் இறங்கி ரோட்டில் வருவதும் உண்டு, 200 கி.மீ. சொச்சம். கடலுக்கடியில் 212 மீட்டர் ஆழம் இறங்கும் சுரங்கப்பாதை அந்த வழியில்தான். குறுக்கே கலைமான் வரும்.

தக்கலை:
நன்றி அண்ணே. அதுதானே ஐரோப்பாவின் வடகோடி?

குளச்சல்:
இல்லை. நார்த் கேப் இருக்குற அதே தீவில் பக்கத்து முனை க்னிவ்ஷெல்லோடன் இன்னும் வடக்கே நீளுது. போக வர 18 கி.மீ. நடை, கல்லும் சேறும், அம்மாவுக்கு ஆகாது. தீவை விட்டுட்டு நிலப்பரப்பை மட்டும் எடுத்தா கின்னரோடன்.

வேளிமலை:
விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா): எந்த நாட்டில் அதிக நாள் தங்குறீங்களோ அங்கேதான் விண்ணப்பம். பின்லாந்தில் கூடுதல் ராத்திரி போட்டுட்டு நார்வேயில் கொடுத்தால் சிக்கல். ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்; காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஜூலையிலும் 10 டிகிரி சுற்றித்தான் இருக்கும். தடிச்ச ஸ்வெட்டர் மட்டும் போட்டால் காற்று உள்ளே புகுந்திரும். மேலே காற்றுப்புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கையுறை அம்மாவுக்குக் கட்டாயம். வெளிச்சத்தில் தூக்கம் வராது, கண்பட்டை எடுத்துக்கோங்க.