மூன்று சர்வருக்குப் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ்: என்எஃப்எஸ்ஸா, ஐஸ்கஸியா?

பிளேட்டுக்காரன்:

வணக்கம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. சர்வரிலிருந்து முதலாளியின் போன் சார்ஜர் வரை, கரண்டில் ஓடுவது எல்லாம் என் தலையில்தான். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் அப்புறம் மார்கழி வரை மூச்சுவிட முடியாது. ஆடி பிறப்பதற்குள் இந்த வேலையை முடித்தாக வேண்டும்.

இப்போது, ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்ட மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றிலும் தனித்தனி டிஸ்க். கணக்குக்கு ஒரு விண்டோஸ் விஎம், ஜாப் கார்டு விவரங்களுக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் விஎம், டிசைன் ஃபைல்களுக்கு ஒரு ஃபைல் சர்வர் விஎம், சில்லறையாக இன்னும் நாலைந்து.

சித்திரையில் ஒரு சர்வரின் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கழற்றி வேறொன்றில் மாட்டி விஎம்களை எழுப்புவதற்குள் ஒன்றரை நாள் போயிற்று. பிளேட் போட வேண்டிய பன்னிரண்டு ஜாப் அப்படியே நின்றன. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. என் மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

என் திட்டம்: தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. அதில் 8 டெராபைட் டிஸ்க் ஆறு, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ரெய்டு-இசட்2 (இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்). ஒரு கிகாபிட் போர்ட் நான்கைச் சேர்த்து பாண்டிங் செய்தால் 4 கிகாபிட். விஎம்கள், டிசைன் ஃபைல்கள் எல்லாமே அதில். இதற்கு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல்களாகப் பகிர்வது) சரியா, ஐஸ்கஸி (வெறும் டிஸ்க்காகக் கொடுப்பது) சரியா?

பழையகேபிள்:

தம்பி, கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்கிறீர்கள். எது எவ்வளவு எழுதுகிறது என்று பார்த்தீர்களா? மூன்று சர்வரிலும் ஒரு வாரம் ஐயோஸ்டாட்டை ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை ரைட், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்கிறது என்று எடுங்கள்.

பார்க்காமலே ஒன்று சொல்லலாம். உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வேலை. டிசைன் ஃபைல் பெரியது, வரிசையாகப் படிக்கப்படுவது. அதற்கு ரெய்டு-இசட்2 நல்ல தேர்வு. போஸ்ட்கிரெஸும் கணக்கும் அப்படியில்லை. துணுக்குத் துணுக்காக எழுதும், ஒவ்வொரு தடவையும் ‘டிஸ்க்கில் இறங்கிவிட்டதா’ என்று கேட்டு நிற்கும். ஆறு டிஸ்க் ஒரே ரெய்டு-இசட்2 குழுவாக இருந்தால், இந்த மாதிரி சின்ன ரைட்டுக்கு ஏறக்குறைய ஒரே ஒரு டிஸ்க்கின் வேகம்தான் கிடைக்கும். சுழலும் டிஸ்க் என்றால் நொடிக்குச் சுமார் நூறு. கணக்குப் பிள்ளை ரிப்போர்ட் எடுக்கும் நேரத்தில் மற்ற விஎம் எல்லாம் வாசலில் நிற்கும்.

அதனால் விஎம்களுக்கு இரண்டு எஸ்எஸ்டியை மிரராக (ஒன்றின் நகல் மற்றதில்) போட்டுத் தனி பூல் (டிஸ்க் தொகுப்பு) வையுங்கள். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் கெபாசிட்டர் உள்ள, சர்வருக்கென்று விற்கிற எஸ்எஸ்டியாக வாங்குங்கள். லேப்டாப் எஸ்எஸ்டி இந்த வேலையில் சீக்கிரம் மூச்சு வாங்கும். இன்னொன்று: டிசைன் ஃபைல்களை விஎம்முக்குள் வைக்காதீர்கள். ஸ்டோரேஜ் பெட்டியே சாம்பா (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்) மூலம் டிசைனர்களுக்கு நேராகக் கொடுக்கட்டும். நடுவில் ஒரு விஎம் எதற்கு?

அந்த 4 கிகாபிட் கணக்கையும் மறந்துவிடுங்கள். நாலு வழிச்சாலை போட்டாலும் ஒரு லாரி ஒரு தடத்தில்தான் ஓடும். பாண்டிங்கில் ஒரு கனெக்‌ஷன் ஒரு கேபிளில்தான் போகும். உங்கள் ஒரு சர்வருக்குக் கிடைக்கப்போவது நொடிக்கு 110 மெகாபைட் சொச்சம். 2 ஜிபி ஃபைலுக்கு இருபது நொடி. ஸ்டோரேஜுக்கும் மூன்று சர்வருக்கும் நடுவில் மட்டும் 10 கிகாபிட் போடுங்கள். ஒரே ரேக் என்றால் டேக் கேபிளே (இரு முனையிலும் கனெக்டர் பொருத்தியே வரும் செம்புக் கேபிள்) போதும், தனியாக ஆப்டிக் மாட்யூல் வாங்க வேண்டாம்.

கேட்டதற்குப் பதில்: என்எஃப்எஸ்.

ராத்திரிஷிஃப்ட்:

ஐஸ்கஸி பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரே ஐஸ்கஸி டிஸ்க்கை இரண்டு சர்வரில் காட்டினோம். இரண்டிலும் இஎக்ஸ்டி4 (சாதாரண லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) மவுண்ட். ‘ஷேர்டு ஸ்டோரேஜ் ரெடி’ என்று மெயில் அனுப்பியது நான்தான். ஒரு சர்வரில் போட்ட ஃபைல் மற்றதில் தெரியவில்லை. ரீமவுண்ட் செய்தால் தெரிந்தது. ஏதோ கேஷ் விவகாரம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் டைரக்டரிகளே காணாமல் போக ஆரம்பித்தன. ஐஸ்கஸி தருவது வெறும் டிஸ்க். அது தன் ஒருவனுக்கே சொந்தம் என்று நினைத்து இரண்டு சர்வரும் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தன. அதற்கு ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 மாதிரி கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும். என்எஃப்எஸ்ஸில் இந்தத் தொல்லை கிடையாது, ஃபைல் சிஸ்டம் ஸ்டோரேஜ் பெட்டியிலேயே இருக்கிறது.

என்எஃப்எஸ் மவுண்ட் ஆப்ஷன் ஹார்டாகவே இருக்கட்டும். ஸ்டோரேஜ் மறைந்தால் எல்லாம் உறைந்து நிற்கும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். சாஃப்ட் என்றால் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிழை சொல்லிக் கைவிட்டுவிடும்.

மூணாவதுநோடு:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மூன்று சர்வரில் ஒன்று போனால் மீதி இரண்டு தாங்க வேண்டும் என்பதுதானே ஆசை? இப்போது நாலாவதாக ஒரு பெட்டி வாங்கி, அது போனால் மூன்றுமே போகும்படி செய்கிறீர்கள்.

செஃப் (சர்வர்களின் டிஸ்க்குகளையே சேர்த்துப் பொது ஸ்டோரேஜ் ஆக்கும் மென்பொருள்) போடச் சொல்லவில்லை. மூன்றே நோடில் (சர்வரில்) மூன்று பிரதி வைத்தால், ஒன்று விழுந்தபின் இழந்த பிரதியை மறுபடி உருவாக்க இடமே இருக்காது. ராத்திரி எழுந்து பார்க்கவும் நீங்கள் ஒருவர்தான். ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை விஎம் டிஸ்க்கை அடுத்த நோடுக்கு அனுப்பும். விழுந்தால் கடைசி 15 நிமிட வேலை போகும். அது பரவாயில்லை என்றால் பொது ஸ்டோரேஜே வேண்டாம்.

பிளேட்டுக்காரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன். ஐயோஸ்டாட் எடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கணக்கும் ஜாப் கார்டும் சேர்ந்து நொடிக்கு 600 ரைட் வரை போகிறது, பெரும்பாலும் 8 கேபி துண்டுகள். என் பழைய திட்டம் முதல் நாளே படுத்திருக்கும்.

மூணாவதுநோடு சொன்னதை முதலாளியிடம் கேட்டேன். 15 நிமிட ஜாப் கார்டு போனால் பரவாயில்லையா என்றேன். “எந்த 15 நிமிடம்?” என்று திருப்பிக் கேட்டார். அதோடு முடிந்தது, பெட்டி வாங்கிவிட்டோம். எஸ்எஸ்டி மிரர் விஎம்களுக்கு, ஆறு டிஸ்க் ஃபைல்களுக்கு, 10 கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று. சர்வர்களிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்குகளை ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டு குடோனில் வைத்திருக்கிறேன். தினமும் ராத்திரி ஸ்னாப்ஷாட் அங்கே போகிறது.

சறுக்கியது இரண்டு இடத்தில். எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) ஸ்டோரேஜிலும் சர்வர்களிலும் 9000 ஆக்கிவிட்டு ஸ்விட்ச்சை மறந்துவிட்டேன். பிங் போகிறது, மவுண்ட் ஆகிறது, பெரிய ஃபைலைத் தொட்டால் மட்டும் உறைகிறது. அரை நாள் என்எஃப்எஸ்ஸைத் திட்டினேன். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட் பிங் (ஹெடர் 28 பைட் சேர்ந்தால் 9000) விட்டதும் குட்டு வெளிப்பட்டது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். எதுவும் எழவில்லை. ஸ்டோரேஜைப் பெயர் சொல்லி மவுண்ட் செய்திருந்தேன். பெயரைச் சொல்லித்தரும் டிஎன்எஸ் விஎம் அந்த ஸ்டோரேஜுக்குள்ளேயே படுத்திருந்தது. இப்போது ஐபி எண்ணைப் போட்டுவிட்டேன்.

ராத்திரிஷிஃப்ட்:

யுபிஎஸ் பேட்டரி தீரும்போது எது முதலில் அணையும்?

பிளேட்டுக்காரன்:

இதுவரை யோசிக்கவில்லை. இனி விஎம்கள் முதலில், சர்வர்கள் அடுத்து, ஸ்டோரேஜ் கடைசியில், போடும்போது தலைகீழ். இன்றைக்கே ஸ்கிரிப்ட் எழுதிவிடுகிறேன். நான் லீவில் இருந்தால் வாட்ச்மேன் பார்க்க, வரிசையை அச்சடித்து யுபிஎஸ் மேலேயே ஒட்டவும் போகிறேன். ஸ்டிக்கருக்கு மட்டும் எங்களிடம் பஞ்சமில்லை.