யூரோவிஷனும் அரசியலும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மால்மோ, சுவீடன்

நானே தொடங்கிவைக்கிறேன். நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டிதான் யூரோவிஷன். 2024 மே மாதம் அது எங்கள் ஊரில்தான் நடந்தது. காவலுக்கு நார்வே, டென்மார்க்கிலிருந்துகூட போலீஸ் வந்திருந்தது. இரண்டாவது அரையிறுதி நடந்த வியாழக்கிழமை விடுமுறை நாள். இஸ்ரேல் பாடுவது அன்றுதான் என்பதால் நகரின் பெரிய சதுக்கத்தில் பாலஸ்தீனக் கொடிகளோடு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். என்னோடு வேலை செய்பவர்களில் சிலர் அந்த ஊர்வலத்தில் நடந்தார்கள். சிலர் நாடுகளின் கொடியைக் கன்னத்தில் வரைந்துகொண்டு பாட்டுக் கேட்கப் போனார்கள். மறுநாள் அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இறுதிப் போட்டிக்கு எனக்கு டிக்கெட் கிடைத்திருந்தது. வாசல் சோதனையிலேயே அரசியல் தொடங்கிவிட்டது. போட்டியில் இருக்கும் நாடுகளின் கொடி, வானவில் கொடி, இவை மட்டும்தான் அன்று உள்ளே போக முடிந்தது. எனக்கு முன்னால் நின்ற இளைஞர் பையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக்கொடி மடித்து வைத்திருந்தார். காவலர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, கூடாது என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். ஐரோப்பாவின் பெயரில் நடக்கும் போட்டியில் ஐரோப்பாவின் கொடிக்கு இடமில்லை! அந்தப் பையன் வாதாடவில்லை, முகம்தான் சிவந்துபோனது.

இஸ்ரேலின் பாடகி ஈடன் கோலன் மேடைக்கு வந்ததும் அரங்கில் ஊளைச் சத்தமும் கைதட்டலும் ஒன்றாக எழுந்தன. அவர் முதலில் கொண்டுவந்த பாட்டின் தலைப்பே ‘அக்டோபர் ரெய்ன்’. இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய அக்டோபர் 7 தாக்குதலைக் குறிக்கிறது என்று சொல்லி அமைப்பாளர்கள் அந்தப் பாட்டை ஏற்கவில்லை. வரிகளை மாற்றி ‘ஹரிகேன்’ ஆக்கிய பிறகுதான் அனுமதி. எனக்கு இரண்டு வரிசை கீழே ஒரு தாயும் மகளும் இஸ்ரேல் கொடியைப் பிடித்தபடி கூடவே பாடினார்கள். என் பக்கத்து இருக்கைப் பெண் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றாள், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்கு அந்தத் தாயின் மீதும் கோபம் வரவில்லை, இவள் மீதும் வரவில்லை. மேடையில் நின்றதும் 20 வயதுப் பெண்தானே.

அப்புறம் இஸ்ரேலுக்கு வந்த புள்ளிகள். நடுவர்கள் கொடுத்தது 52, தொலைபேசி வாக்கில் வந்தது 323. அரங்கம் ஊளையிட்ட பாட்டுக்கு வீடுகளில் அத்தனை வாக்கு.

என் கோபமெல்லாம் நடத்துகிறவர்கள் மீதுதான். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. மறுநாளே போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ரஷ்யாவை வெளியேற்றியது, போட்டிக்குக் கெட்டபெயர் வரும் என்று. நல்ல முடிவு. ஆனால் காசாவைப் பற்றிக் கேட்டால், இது அரசுகளின் போட்டி அல்ல, ஒலிபரப்பு நிறுவனங்களின் போட்டி என்கிறார்கள். எது நடந்தால் ஒரு நாடு வெளியே என்று விதியில் எழுதிவையுங்கள். எழுதாமல் ‘எங்களுக்கு அரசியல் கிடையாது’ என்றால் அதை எப்படி நம்புவது?

லிவர்பூல், இங்கிலாந்து

தம்பி எழுதியதைப் படித்ததும் 2023 கண்ணுக்குள் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு இத்தாலியின் டுரினில் வென்றது உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா இசைக்குழு, 631 புள்ளிகள். மேடையிலேயே, ரஷ்யப் படை சூழ்ந்திருந்த மரியுபோல் நகரத்தையும் அங்குள்ள அசோவ்ஸ்டால் ஆலையையும் காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள். கோப்பையை விற்று 9 லட்சம் டாலரைப் படைக்குக் கொடுத்தார்கள். வென்ற நாட்டில்தான் அடுத்த போட்டி நடப்பது வழக்கம். போரால் உக்ரைனில் நடத்த முடியவில்லை, இரண்டாமிடம் வந்த பிரிட்டன் சார்பில் எங்கள் ஊருக்கு வந்தது.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் உக்ரைனிலிருந்து வந்த ஒரு பெண்ணை வீட்டில் தங்கவைத்திருந்தது. இறுதிப் போட்டியன்று அவளையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் பெரிய திரை வைத்திருந்த இடத்துக்குப் போனோம். அவள் நாட்டுக்காகப் பாடிய த்வோர்ச்சி, டெர்னோபில் நகரத்தில் உருவான இருவர் குழு. அவர்கள் பாடும் நேரத்தையொட்டி டெர்னோபில் மீது ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தன. திரையில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது அவள் போனில்தான். சுற்றியிருந்த உக்ரைன்காரர்கள் ஒவ்வொருவராகத் திரையை விட்டுவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அக்காவை அழைத்தாள், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தாள். கடைசியில் “பதுங்கறையில் இருக்கிறோம்” என்று குறுஞ்செய்தி வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

அந்த நிகழ்ச்சியில் பேசுவதற்கு உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி கேட்டதாக அமைப்பாளர்களே சொன்னார்கள். அரசியலாகிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். அரங்கமும் தெருவும் நீலமும் மஞ்சளுமாக இருந்த ஊரில்! கேள்விப்பட்டபோது சரி, விதி என்றால் விதிதானே என்றுதான் நினைத்தேன். அவள் பக்கத்தில் நின்ற பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

உக்ரைன் பாடகி ஜமாலாவின் ‘1944’ பாட்டை அவள்தான் எனக்கு விளக்கினாள். கிரிமியாவின் தாத்தார் இனத்தவரை 1944ல் ஸ்டாலின் நாடுகடத்தியபோது ஜமாலாவின் கொள்ளுப்பாட்டியும் அதில் ஒருவர். 2016ல் ஸ்டாக்ஹோமில் அது 534 புள்ளிகளோடு வென்றது. வரலாறுதான், அரசியல் இல்லை என்று அனுமதித்தார்களாம். கிரிமியாவை ரஷ்யா பிடித்து அப்போது இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. அனுமதித்ததற்கு நன்றி என்றுதான் சொல்வேன். 2009ல் புதினைச் சாடியதாகச் சொல்லி ஜார்ஜியாவின் பாட்டை மாற்றச் சொன்னார்களே, அவர்கள் மாற்ற மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். அப்போதும் இதே தாராளம் இருந்திருக்கலாம்.

முன்பு பாகு, இப்போது சென்னை

சுருக்கமாக ஒன்று. 2012ல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் போட்டி நடந்தபோது எண்ணெய் வேலைக்காக அங்கே இருந்தேன். கடற்கரையில் போட்டி அரங்கமான கிறிஸ்டல் ஹால் எழுந்த பக்கத்தில் வீடுகளை இடித்து ஆட்களைக் காலி செய்தார்கள். எங்கள் ஓட்டுநரின் சொந்தக்காரர்களும் அதில் உண்டு. காரை அந்தப் பக்கம் ஓட்டும்போது அவர் வாயைத் திறக்க மாட்டார். ஆர்மீனியா அந்த ஆண்டு வரவே இல்லை. இரு நாடுகளுக்கும் பகை, ஏன் என்று அங்கே யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 2009ல் அஜர்பைஜானிலிருந்து ஆர்மீனியப் பாட்டுக்கு வாக்களித்த ஒருவரைத் தேசியப் பாதுகாப்பு அமைச்சகம் கூப்பிட்டு விசாரித்த கதை ஊரறிந்தது. ஒரு பாட்டுக்கு அனுப்பிய குறுஞ்செய்திக்கு விசாரணை! 2012ல் வென்ற சுவீடன் பாடகி லொரீன் மட்டும் உள்ளூர் மனித உரிமைக்காரர்களைப் போய்ச் சந்தித்தார். பாகுவில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

மால்மோ, சுவீடன்

அக்கா, ஜெலென்ஸ்கியை மறுத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. வியன்னாவின் 2026 போட்டியிலிருந்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஐந்தும் விலகிவிட்டன. காரணம் இஸ்ரேல் தொடர்வதுதான். எத்தனையோ முறை வென்ற அயர்லாந்தே இல்லாத போட்டி. அந்த நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால், அங்கே மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதுங்களேன்.